ஆசியான் ஒப்பந்தத்துல உங்க சரக்குக்கு வரிச்சலுகை வாங்குறது எப்படி: ஒரு கோவை கிரைண்டர வச்சு முழுசா பாத்துடலாம்

ஆசியான் (தென்கிழக்கு ஆசிய நாடுங்களோட கூட்டமைப்பு) நாடுகளோட நம்ம நாடு போட்ட சரக்கு வர்த்தக ஒப்பந்தம் 2010 ஜனவரி 1ஆம் தேதியே அமலுக்கு வந்துடுச்சு. ஆனா இன்னைக்கும் கோவை, ஈரோடு, சிவகாசி பக்கம் இருந்து வெளிநாட்டுக்கு சரக்கு அனுப்புற பல சின்ன கம்பெனிங்க அந்த சலுகைய கேக்காமலே கன்டெய்னர ஏத்தி விட்டுடுறாங்க. கேட்டா "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குங்க"ன்னு சொல்றாங்க, இல்லேன்னா "சிஎச்ஏ (சுங்க ஏஜென்ட்) பாத்துப்பாரு"ன்னு சொல்றாங்க. ரெண்டுமே சரியில்ல. ஒப்பந்தம் கையெழுத்தாயிட்டா வரி தானா குறைஞ்சிடும்னு நினைக்கிறோம் பாருங்க, அங்க தான் பணம் போகுது. கிளாங் துறைமுகத்துல இருக்கிற மலேசிய சுங்க அதிகாரிகிட்ட இந்த சரக்கு இந்தியாவுல தான் செஞ்சதுன்னு காகிதத்தோட (அதுக்கு பேரு சர்டிபிகேட் ஆஃப் ஒரிஜின்) நிரூபிச்சா தான் உங்க பையருக்கு (அங்க வாங்குறவருக்கு) வரி குறையும், அந்த நிரூபிக்கிற வேலை துறைமுகத்துல இல்ல, உங்க பட்டறை கணக்குல ஆரம்பிக்குது.

நிதி ஆயோக் முன்னாடி வெளியிட்ட ஒரு குறிப்புல, இந்திய ஏற்றுமதியாளருங்க இந்த மாதிரி ஒப்பந்தங்கள பயன்படுத்துற அளவு 5ல இருந்து 25 சதவீதத்துக்குள்ள தான் இருக்குன்னு சொல்லியிருந்தாங்க. 2022-23ல ஆசியான் நாடுகளுக்கு நம்ம ஏற்றுமதி சுமார் 44 பில்லியன் டாலர், அங்கிருந்து இறக்குமதி சுமார் 87 பில்லியன் டாலர். இந்த இடைவெளிக்கு காரணம் நிறைய இருக்கு, பாமாயில், நிலக்கரி, எலக்ட்ரானிக்ஸ்னு பெரிய பெரிய இறக்குமதி இருக்கு, ஆனா நம்ம ஆளுங்க சலுகைய கேக்கவே கேக்காம விடுறதும் அதுல ஒரு பங்கு தான்னு நான் உறுதியா நம்புறேன். அதனால தான் இத இவ்வளவு விரிவா எழுதுறேன்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு பொருள எடுத்துக்குவோம், புவிசார் குறியீடு வாங்கின நம்ம கோவை வெட் கிரைண்டர். மலேசியாவுல இதுக்கு வாங்குற ஆளுங்களுக்கு பஞ்சமே இல்ல. நீங்க செய்றது பனியனா இருந்தாலும் சரி எவர்சில்வர் பாத்திரமா இருந்தாலும் சரி, படிகள் இதே வரிசை தான், பெயரும் எண்ணும் தான் மாறும்.

முதல் வேலை: எச்எஸ் கோட்

எச்எஸ் கோட்ங்கிறது ஒவ்வொரு வகை சரக்குக்கும் சுங்கத்துல இருக்கிற எண். இதுல தப்பு நடந்தா மிச்சம் எல்லாமே தப்பாயிடும், அதனால அவசரப்படாதீங்க. உலகம் முழுக்க எச்எஸ் கோட்டோட முதல் 6 இலக்கம் ஒண்ணு தான், அதுக்கு மேல ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு சேத்துக்கும், நம்மகிட்ட 8 இலக்கம், ஆசியான் நாடுகளுக்கு பொதுவா 8 இலக்கத்துல ஒரு பட்டியல். வீட்டுல வைக்கிற மோட்டார் கிரைண்டர் 8509.40ல வரும். அதே கம்பெனி ஹோட்டலுக்குன்னு பெரிய சைஸ்ல தொழில்முறை மிஷின் செஞ்சா அது 8438க்கு போக வாய்ப்பு இருக்கு. பாக்க ரெண்டும் மாவு அரைக்கிறது தானே, ஆனா அங்க வரி வேற, சலுகை வேற. நீங்க ஷிப்பிங் பில்லுல (நம்ம சுங்கத்துல குடுக்கிற ஏற்றுமதி படிவம்) ஒரு கோட் போட்டு, அங்க பையரோட சுங்க ஏஜென்ட் இன்னொரு கோட் போட்டா சர்டிபிகேட் செல்லாம நிக்கும். அதனால ஆர்டர் பேசும்போதே "உங்க பக்கம் எந்த கோட்ல இறக்குவீங்க"ன்னு பையர்கிட்ட எழுத்துல கேட்டு வாங்கி வச்சுக்குங்க.

இன்னொண்ணும் இருக்கு. எச்எஸ் பட்டியல் சில வருஷத்துக்கு ஒரு தடவ மாறும், 2012, 2017, 2022னு மாறியிருக்கு. ஒப்பந்தத்தோட வரி அட்டவணை அதுக்கும் முந்தின பட்டியல வச்சு போட்டது. உங்க பொருளோட எண் இடையில மாறியிருந்தா பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் பொருத்தம் பாக்கணும், பல பொருளுக்கு மாறியிருக்காது, ஆனா பாக்காம விடாதீங்க.

அடுத்து, சலுகை இருக்கா, தேவை தானா

ஆசியான்னா ஒரே நாடு இல்ல. ஒப்பந்தம் ஒண்ணு, ஆனா வரி அட்டவணை நாட்டுக்கு நாடு தனித்தனி. மலேசியா குறைச்ச பொருள இந்தோனேசியா குறைக்காம வச்சிருக்கலாம். சில பொருளுங்களுக்கு வரி முழுசா போயிடும், சிலது சென்சிடிவ்னு வச்சு கொஞ்சம் மட்டும் குறைச்சிருப்பாங்க, சிலது விலக்கு பட்டியல்ல இருக்கும், அதுக்கு ஒண்ணும் கிடையாது. அதனால ரெண்டு எண்ண தேடி எடுங்க: எல்லா நாட்டுக்கும் பொதுவா அந்த நாடு போடுற வரி எவ்வளவு, இந்த ஒப்பந்தத்துல இந்திய சரக்குக்கு எவ்வளவு. ஜெனிவாவுல இருக்கிற சர்வதேச வர்த்தக மையத்தோட மார்க்கெட் ஆக்சஸ் மேப்ல ரெண்டும் கிடைக்கும். அங்க பாத்தத பையரோட ஏஜென்ட்கிட்ட ஒரு தடவ உறுதி பண்ணிக்குங்க, ஏன்னா கடைசில வரி கட்டப்போறவங்க அவங்க தான்.

பொது வரியே பூஜ்யம்னா சர்டிபிகேட்டுக்காக அலையவே வேண்டாம். சிங்கப்பூர் இதுக்கு நல்ல உதாரணம், மதுபானத்துல சில வகைய தவிர அங்க கிட்டத்தட்ட எதுக்குமே இறக்குமதி வரி கிடையாது. ஆனா ஒரு விஷயம், உங்க சரக்கு சிங்கப்பூர்ல இறங்கி அங்கிருந்து ஒரு வியாபாரி வழியா மலேசியாவுக்கோ வியட்நாமுக்கோ போகப்போகுதுன்னா கதை வேற. அப்ப நீங்க இந்தியாவுல வாங்குற சர்டிபிகேட்ட வச்சு சிங்கப்பூர்ல "பேக் டு பேக்" சர்டிபிகேட்னு ஒண்ணு வாங்க முடியும், அத வச்சு அடுத்த நாட்டுல சலுகை கேக்கலாம். அதனால "சிங்கப்பூருக்கு தானே போகுது, எதுக்கு"ன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி கடைசில சரக்கு எங்க போய் சேருதுன்னு கேளுங்க.

மலேசியாவோட நமக்கு தனி ஒப்பந்தமும் இருக்கு, 2011 ஜூலை 1ல இருந்து. சிங்கப்பூரோட 2005ல இருந்து. தாய்லாந்தோட 2004ல 82 பொருளுக்கு மட்டும் ஒரு முன்கூட்டிய சலுகை திட்டம் வந்துச்சு. ஒரே பொருளுக்கு ரெண்டு வழி இருந்தா எதுல வரி கம்மியோ, எதுல விதி சுலபமோ அத எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் சர்டிபிகேட் படிவம் வேற, ஆசியான் ஒப்பந்தத்துக்கு "ஃபார்ம் ஏஐ". படிவம் மாறினா சலுகை கிடைக்காது.

இப்ப தான் முக்கியமான இடம்: ஒரிஜின் கணக்கு

ஒரு பொருள் இந்திய பொருள்னு எப்ப சொல்லலாம்? முழுக்க இங்கயே விளைஞ்சது, இங்கயே எடுத்ததுன்னா (மஞ்சள், கிரானைட் மாதிரி) பிரச்சனையே இல்ல. வெளிநாட்டு பாகம் கலந்திருந்தா ஆசியான் ஒப்பந்தம் மூணு விஷயம் கேக்குது. ஒண்ணு, எஃப்ஓபி விலையில (கப்பல்ல ஏத்துற வரைக்குமான விலை) குறைஞ்சது 35 சதவீதம் ஒப்பந்த நாடுகளுக்குள்ள உருவான மதிப்பா இருக்கணும். ரெண்டு, வெளியில இருந்து வந்த பாகத்தோட எச்எஸ் எண்ணும் செஞ்சு முடிச்ச பொருளோட எண்ணும் 6 இலக்க அளவுல வேற வேறயா இருக்கணும். மூணு, கடைசி உற்பத்தி வேலை இங்க நடந்திருக்கணும். மூணும் சேந்து வேணும், ஒண்ணு இருந்தா போதும்னு நினைச்சுட்டு பல பேர் விண்ணப்பம் போடுறாங்க.

ஒரு கிரைண்டர் எஃப்ஓபி 9,000 ரூபாய்னு வச்சுக்குவோம் (இது கணக்கு புரியுறதுக்கு நான் போட்ட எண், யாரோட விலையும் இல்ல). கல்லு 1,600, ஸ்டீல் டிரம் 1,200, சீனாவுல இருந்து வந்த மோட்டார் 1,500, பெல்ட் ஒயர் கெபாசிட்டர் சில்லறை சாமான் 500, பிளாஸ்டிக் பாடி 700, கூலி 900, கரண்ட் வாடகை மாதிரி பட்டறை செலவு 700, பேக்கிங்கும் துறைமுகம் வரைக்குமான வண்டி செலவும் 600, லாபம் 1,300. கூட்டினா 9,000. இதுல வெளிநாட்டு பொருள்னு உறுதியா தெரியுறது மோட்டார் 1,500. சில்லறை சாமான் 500 எங்க செஞ்சதுன்னே தெரியாது, அதையும் வெளிநாட்டு கணக்குல தான் போடணும். ஆக மொத்தம் 2,000, அதாவது 22 சதவீதம் சொச்சம். விதிப்படி வெளிநாட்டு பங்கு 65 சதவீதத்த தாண்டக்கூடாது, நீங்க ரொம்ப வசதியா உள்ள இருக்கீங்க. மோட்டாரோட எண் 8501, கிரைண்டரோட எண் 8509.40, ரெண்டாவது நிபந்தனையும் ஓகே. கல்லு கொத்துறது, டிரம் மாட்டுறது, ஓட்டி பாக்குறது எல்லாம் இங்க, மூணாவதும் ஓகே.

இதுல பல பேர் கோட்டை விடுற இடம் அந்த "எங்க செஞ்சதுன்னு தெரியாது" கணக்கு தான். ஜிஎஸ்டி பில் இருக்கு, கோவை கடையில தான் வாங்கினேன், அப்ப அது இந்திய பொருள் தானேன்னு கேப்பாங்க. இல்லைங்க. அந்த பில் நீங்க இந்தியாவுல வாங்கினீங்கன்னு தான் சொல்லுது, இந்தியாவுல செஞ்சதுன்னு சொல்லல. ஸ்டீல் ஷீட் கொரியாவுல இருந்து வந்து இங்க கடையில வித்திருக்கலாம். அதனால சப்ளையர்கிட்ட லெட்டர்ஹெட்ல ஒரு உறுதிமொழி வாங்கி வைங்க, இந்த பொருள் இந்த இடத்துல இருக்கிற எங்க ஆலையில செஞ்சது, இந்த எச்எஸ் எண், இந்த இன்வாய்ஸ் நம்பர்ன்னு. குடுக்க மாட்டேன்னு சொன்னா அந்த பொருள வெளிநாட்டு பக்கம் தள்ளி கணக்கு போட்டு பாருங்க. நம்ம உதாரணத்துல ஸ்டீல் 1,200, பிளாஸ்டிக் 700 ரெண்டையும் தள்ளினா கூட மொத்தம் 3,900, அதாவது 43 சதவீதம், அப்பவும் பாஸ் தான். மோசமான கணக்குலயே பாஸ் ஆகுதுன்னா நிம்மதியா தூங்கலாம், நாளைக்கு எவ்வளவு கேள்வி வந்தாலும் பதில் இருக்கும். நான் எல்லாருக்கும் சொல்றது இது தான், முதல்ல மோசமான கணக்க போடுங்க.

எங்க விழும்னு பாப்போம். கிரைண்டர பாகம் பாகமா பிரிச்சு ஒரே செட்டா வெளிநாட்டுல இருந்து வரவழைச்சு, இங்க ஸ்க்ரூ போட்டு பேக் பண்ணி அனுப்பினா, பிரிச்சு போட்ட முழு செட்டுக்கும் எச்எஸ் விதிப்படி முழு பொருளோட எண் தான், அதாவது அதுவும் 8509.40. எண் மாறவே இல்ல, சலுகை கிடையாது. அதே மாதிரி லேபிள் ஒட்டுறது, பெட்டி மாத்துறது, சும்மா கலக்குறது, பிரிச்சு அடுக்குறது இதெல்லாம் உற்பத்தியே இல்லன்னு ஒப்பந்தத்துல தனி பட்டியலே இருக்கு, லாபம் எவ்வளவு வச்சாலும் அது வேலைக்காகாது.

இந்த இடத்துல தான் இந்த மாதிரி ஒப்பந்தங்க ஒரு வட்டாரத்தோட வியாபாரத்தையே எப்படி திருப்பி போடுதுன்னு புரியும். "குமுலேஷன்"னு ஒரு விதி இருக்கு, நீங்க வாங்குற பாகம் இன்னொரு ஒப்பந்த நாட்டுல விதிப்படி செஞ்சதா இருந்தா, அத வெளிநாட்டு பொருளா பாக்காம உங்க பொருளாவே எடுத்துக்கலாம். சீன மோட்டாருக்கு பதிலா தாய்லாந்துல இருந்து ஃபார்ம் ஏஐயோட மோட்டார் வந்தா அந்த 1,500 ரூபாய் நம்ம பக்கம் வந்துடும். கிரைண்டருக்கு இது தேவைப்படாது, ஆனா எலக்ட்ரானிக்ஸ் மாதிரி பொருள்ல 70 சதவீதம் வெளிநாட்டு பாகம் வச்சு செய்றவங்களுக்கு இது தான் வாழ்வா சாவா. அந்த மோட்டார் உள்ள வரும்போதும் நம்ம சுங்கத்துல அதுக்கு வரி குறையலாம். ஆக ஒரு கையெழுத்து, யாரு யார்கிட்ட பாகம் வாங்கணும்னு மாத்திடுது. வியட்நாம், தாய்லாந்து, மலேசியா தொழிற்சாலைங்க ஒண்ணுக்கொண்ணு பாகம் அனுப்பி வளர்ந்ததுல ஆசியான் நாடுங்க தங்களுக்குள்ள 1992ல இருந்து படிப்படியா வரிய குறைச்சுகிட்டே வந்ததுக்கு பெரிய பங்கு இருக்கு.

உங்க போட்டியாளர் நிலைமையும் தெரிஞ்சிருக்கணும். சீனாவுக்கும் ஆசியானோட தனி ஒப்பந்தம் இருக்கு, 2010ல இருந்து பெரும்பாலான பொருளுக்கு வரி போயிடுச்சு. அது போதாதுன்னு 2022 ஜனவரி 1ல இருந்து ஆர்செப்ங்கிற வர்த்தக ஒப்பந்தம் அமல்ல இருக்கு, ஆசியானோட சீனா, ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேந்தது. இந்தியா 2019 நவம்பர்ல பாங்காக்ல அதுல சேரலன்னு சொல்லி வெளிய வந்துடுச்சு. சேந்திருக்கணுமா கூடாதான்னு இங்க வாதம் பண்ண வரல, பால் பண்ணை வச்சிருக்கிறவங்க பயமும் நியாயம் தான். ஆனா உங்க பையர் மேஜையில சீன கிரைண்டரோட விலையும் உங்க விலையும் பக்கத்துல பக்கத்துல இருக்கும்போது அவங்க வரிச்சலுகையோட வந்து நீங்க சலுகை கேக்காம வந்தா எப்படி நிக்க முடியும்? இருக்கிற ஒப்பந்தத்தயாவது முழுசா பயன்படுத்தணும்.

சர்டிபிகேட் வாங்குற வேலை

டிஜிஎஃப்டி (மத்திய அரசோட வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) நடத்துற சர்டிபிகேட் ஆஃப் ஒரிஜின் போர்ட்டல்ல ஆன்லைன்லயே விண்ணப்பிக்கணும். ஐஇசி நம்பர் (ஏற்றுமதி இறக்குமதி பண்றவங்களுக்கான அடையாள எண்), டிஜிட்டல் சிக்னேச்சர் ரெண்டும் தயாரா வைங்க. எந்த அலுவலகம் குடுக்கும்னு ஒப்பந்தத்தையும் பொருளையும் பொறுத்து இருக்கும், ஏற்றுமதி ஆய்வு கவுன்சில் தான் இதுல முக்கியமானது, சென்னையில அவங்க ஏஜென்சி இருக்கு. முதல்ல பொருள பதிவு பண்ணி அந்த செலவு கணக்க ஏத்தணும், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், வெளிநாட்டு பாகத்துக்கான பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி செஞ்சப்ப சுங்கத்துல குடுத்த படிவம்), சப்ளையர் உறுதிமொழி எல்லாம் வேணும். கணக்க ஏஜென்ட்கிட்ட விடாதீங்க, உங்க ஆடிட்டரோட உக்காந்து நீங்களே போடுங்க, ஏன்னா கையெழுத்து உங்களோடது. ஏஜென்ட் படிவத்த நிரப்பலாம், மோட்டார் எங்கிருந்து வந்துச்சுன்னு அவருக்கு எப்படி தெரியும்?

ஷிப்பிங் பில்லுலயும் எந்த ஒப்பந்தத்துல அனுப்புறீங்கன்னு குறிக்க ஒரு கட்டம் இருக்கு, காலியா விடாம சரியான ஒப்பந்தத்த போட சொல்லுங்க. அப்புறம் எழுத்துக்கு எழுத்து ஒத்து பாருங்க, இன்வாய்ஸ்ல "டேபிள் டாப் வெட் கிரைண்டர்"னும் சர்டிபிகேட்ல "கிச்சன் மெஷின்"னும் இருக்கக்கூடாது. பெட்டி எண்ணிக்கை, மொத்த எடை, இன்வாய்ஸ் நம்பர், தேதி எல்லாம். சின்ன எழுத்துப்பிழைக்காக சர்டிபிகேட்ட ரத்து பண்ணக்கூடாதுன்னு விதி பொதுவா சொல்லும், ஆனா கன்டெய்னர் அங்க நின்னு ஒவ்வொரு நாளும் டெமரேஜ் (தாமத கட்டணம்) ஏறிட்டு இருக்கும்போது பையருக்கு விதி பேச பொறுமை இருக்காது.

பில்ல ஒரு சிங்கப்பூர் டிரேடர் போட்டு சரக்கு நேரா கோவையில இருந்து மலேசியா போகுதா? அதுவும் செல்லும். மூணாம் நாட்டு இன்வாய்ஸ்னு சர்டிபிகேட்ல ஒரு கட்டம் இருக்கு, அத டிக் பண்ணி அந்த கம்பெனி பேரையும் நாட்டையும் போடணும். இத மறைச்சா தான் பிரச்சனை.

நேரம் ரொம்ப முக்கியம். சென்னையில இருந்து கிளாங் போறதுக்கு பெரிசா நாள் ஆகாது, நீங்க பொறுமையா விண்ணப்பிச்சா கப்பல் முன்னாடி போய் சேந்துடும் சர்டிபிகேட் பின்னாடி போகும். ஸ்டஃபிங் (கன்டெய்னர்ல சரக்கு ஏத்துறது) பிளான் பண்ணும்போதே விண்ணப்பத்தையும் தயார் பண்ணிடுங்க. தவறிப்போச்சுன்னா கப்பல் ஏத்தின தேதியில இருந்து 12 மாசத்துக்குள்ள பின்னாடி கூட வாங்கலாம், பின்தேதியில வழங்கினதுன்னு அதுல குறிச்சு குடுப்பாங்க. பையர் அங்க முழு வரிய கட்டிட்டு அப்புறம் திரும்ப கேக்க முடியுமான்னு அந்த நாட்டு விதிய பொறுத்தது, அத முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க. சர்டிபிகேட் வழங்கின தேதியில இருந்து 12 மாசம் செல்லும்.

கப்பல் எந்த வழியா போகுதுன்னும் பாருங்க

இத யாருமே கவனிக்கிறதில்ல. சரக்கு நேரடியா போகணும்னு ஒரு விதி இருக்கு. தூத்துக்குடியில இருந்து போற சரக்குல நிறைய கொழும்புல தான் பெரிய கப்பலுக்கு மாறுது. இலங்கை ஆசியான் ஒப்பந்தத்துல இல்ல. அப்ப சலுகை போயிடுமா? போகாது, ஆனா மூணு விஷயம் சரியா இருக்கணும்: அந்த வழியில போறது போக்குவரத்து காரணத்துக்காகன்னு இருக்கணும், சரக்கு அங்க விக்கப்படவோ புழக்கத்துக்கு போகவோ கூடாது, இறக்குறது ஏத்துறது சரக்கு கெடாம பாத்துக்கிறது தவிர வேற எதுவும் அங்க நடக்கக்கூடாது. இத நிரூபிக்க தூத்துக்குடியில இருந்து கடைசி துறைமுகம் வரைக்கும் ஒரே பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி குடுக்கிற சரக்கு ரசீது) வாங்குங்க. ரெண்டு துண்டா, கொழும்பு வரைக்கும் ஒண்ணு அங்கிருந்து இன்னொண்ணுன்னு வாங்கினா கேள்வி கண்டிப்பா வரும். கொழும்புல கன்டெய்னர திறந்து இன்னொருத்தர் சரக்கோட சேக்குற எல்சிஎல் ஏற்பாடு இருந்தா ஃபார்வர்டர்கிட்ட (சரக்கு அனுப்ப ஏற்பாடு பண்றவர்) முன்னாடியே விளக்கம் கேளுங்க. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளியில இருந்து நேரடி சர்வீஸ் கிடைச்சா ஃப்ரெய்ட் கொஞ்சம் கூடினாலும் கணக்கு போட்டு பாருங்க, காகித தலைவலி குறையும்.

ரோடு வழியா அனுப்பலாமான்னு சில பேர் கேக்குறாங்க. மணிப்பூர் மோரேயில இருந்து மியான்மர் வழியா தாய்லாந்தோட மே சோட் வரைக்கும் சுமார் 1,360 கிலோமீட்டர் முத்தரப்பு நெடுஞ்சாலை திட்டம் ரொம்ப வருஷமா இருக்கு. மோரேயில 1960கள்ல பர்மாவுல இருந்து திரும்பி வந்த தமிழ் குடும்பங்க இன்னைக்கும் இருக்காங்க, அந்த ஊர் வியாபாரத்துல அவங்க பங்கு பெருசு, அந்த ரோடு திறந்தா முதல்ல சந்தோஷப்படுறவங்க அவங்களா தான் இருப்பாங்க. ஆனா 2021 பிப்ரவரியில மியான்மர்ல ராணுவம் ஆட்சிய பிடிச்சதுக்கு அப்புறம் நடக்கிற சண்டையும், 2023 மே மாசத்துல இருந்து மணிப்பூர்ல நடந்ததும் சேந்து அந்த வழிய நம்பி ஆர்டர் எடுக்க முடியாத நிலைமைக்கு கொண்டுவந்துடுச்சு. இப்போதைக்கு கடல் தான்.

பணம் வாங்குறதுல ஒரே ஒரு எச்சரிக்கை. 2023 பிப்ரவரியில யூபிஐயையும் சிங்கப்பூரோட பேநவ் பணப்பரிமாற்ற வசதியையும் இணைச்சாங்க, ரொம்ப நல்ல விஷயம், ஆனா அது தனி ஆளுங்க வீட்டுக்கு பணம் அனுப்புறதுக்கு வந்தது. ஏற்றுமதி பணத்த அதுல வாங்காதீங்க, ஷிப்பிங் பில்லுக்கு பணம் வந்ததா பேங்க் கணக்குல காட்ட முடியாம போயிடும். ரூபாயிலயே வியாபாரம் பண்ணணும்னா 2022 ஜூலையில ரிசர்வ் வங்கி வாஸ்ட்ரோ கணக்கு (வெளிநாட்டு பேங்க் நம்ம பேங்க்ல வைக்கிற ரூபாய் கணக்கு) வழியா ஒரு ஏற்பாடு கொண்டுவந்திருக்கு, உங்க பேங்க்ல அந்நிய செலாவணி பிரிவுல கேளுங்க.

இலங்கைக்கு அனுப்புறவங்களுக்கு

வழி கிட்டத்தட்ட இதே தான், ஆனா ஒப்பந்தம் வேற. இந்திய இலங்கை ஒப்பந்தம் 1998 டிசம்பர்ல கையெழுத்தாகி 2000 மார்ச் 1ல இருந்து நடக்குது. அங்க உள்நாட்டு மதிப்பு 35 சதவீதம், எச்எஸ் எண் 4 இலக்க அளவுல மாறணும். இலங்கை பாகத்த நீங்க பயன்படுத்தினா உங்க சொந்த பங்கு 25 சதவீதம் இருந்தா போதும், ரெண்டும் சேந்து 35 வரணும். விலக்கு பட்டியல முதல்ல பாருங்க. ரொம்ப முக்கியமா, கொழும்புல இறக்குமதி வரிக்கு மேல செஸ், துறைமுக விமான நிலைய வரின்னு தனியா போடுவாங்க, ஒப்பந்தத்துல வரி பூஜ்யம்னு போட்டிருந்தாலும் அது தனியா நிக்கும். யாழ்ப்பாணத்துல இருக்கிற பையருக்கு விலை சொல்லும்போது இத சேத்து சொல்லலேன்னா அவருக்கு சரக்கு இறங்கினதுக்கு அப்புறம் தான் உண்மை விலை தெரியும், உறவே கெட்டுடும்.

இறக்குமதி பண்றவங்களுக்கு விதி இன்னும் கடுமை

தாய்லாந்து மோட்டார் உதாரணம் சொன்னேன்ல, அந்த பக்கம் நீங்க இறக்குமதியாளர். 2020 செப்டம்பர் 21ல இருந்து கரோட்டார்னு விதிங்க வந்திருக்கு. வேற நாட்டு சரக்க ஆசியான் நாடு வழியா சுத்தி விட்டு சலுகை வாங்குறாங்கன்னு சந்தேகம் வந்ததால கொண்டுவந்தது. முன்னாடி மாதிரி சப்ளையர் குடுத்த சர்டிபிகேட்ட நீட்டிட்டு ஒதுங்க முடியாது, பொருள் எப்படி செஞ்சாங்க, எந்த விதியில ஒரிஜின் கிடைச்சுது, வெளிநாட்டு பாகம் எவ்வளவுன்னு ஃபார்ம் 1ல நீங்க தகவல் வாங்கி வச்சிருக்கணும், சரக்கு வர்றதுக்கு முன்னாடியே. அதிகாரி கேட்டா 10 வேலை நாளுக்குள்ள குடுக்கணும், ஆவணங்கள 5 வருஷம் வச்சிருக்கணும். ஆர்டர் போடும்போதே இந்த தகவல குடுக்கணும்னு பர்சேஸ் ஆர்டர்ல ஒரு வரி சேத்துடுங்க, பணம் குடுத்ததுக்கு அப்புறம் கேட்டா எந்த சப்ளையரும் செலவு விவரம் குடுக்க மாட்டாங்க.

இதே மாதிரி கேள்வி மலேசியாவுல இருந்தும் உங்களுக்கு திரும்பி வரலாம், இந்த சர்டிபிகேட் சரியா குடுத்தது தானான்னு அந்த நாட்டு சுங்கம் நம்ம ஏஜென்சிக்கு எழுதும், ஏஜென்சி உங்கள கேக்கும். அப்ப தேட ஆரம்பிக்காதீங்க. ஒவ்வொரு கன்சைன்மென்ட்டுக்கும் ஒரு ஃபைல் போட்டு செலவு கணக்கு, சப்ளையர் உறுதிமொழி, மோட்டார் பில் ஆஃப் என்ட்ரி, ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங், சர்டிபிகேட் நகல் எல்லாத்தையும் ஒண்ணா வைங்க. ஆசியான் ஒப்பந்தத்த திருத்துற பேச்சு 2023ல ஆரம்பிச்சுது, ஒரிஜின் விதியும் அதுல இருக்கு, அதனால வருஷத்துக்கு ஒரு தடவையாவது டிஜிஎஃப்டி அறிவிப்பையும் உங்க பொருளுக்கான விதியையும் திரும்ப பாருங்க. மோட்டார் சப்ளையர மாத்தும்போதும் ஸ்டீல் விலை ஏறும்போதும் அந்த 9,000 ரூபாய் கணக்க புதுசா போடணும், போன வருஷத்து கணக்குல இந்த வருஷம் கையெழுத்து போடாதீங்க.